கரையான் சௌக்கியமா?

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, அலமாரியில் இருந்த ஜைனம்புவின் புத்தகத்தை முதுகு தெரியாதபடி திருப்பி வைத்தது. அப்பாவைப் பார்க்கப் பெரியகுளத்திலிருந்து உறவினர்கள் வருவதாக இருந்தது. வருகிறவர்கள் அதை எடுத்துப் புரட்டுவார்கள். "நம்ம சன்னாசியப்பர் கதையா? நீயா எழுதுன?" என்பார்கள். இல்லை என்று நான் சொல்ல வேண்டும்.

அலமாரியை மூடும் முன்பே கல்லூரி அலுவலகத்திலிருந்து போன். "மேடம், ஜைனம்பு மேடம் தவறிட்டாக. விடியக்காலம்." புத்தகத்தை மறுபடி நேராக வைத்தேன். அதைத்தான் செய்யத் தோன்றியது.

இந்த நினைவு மலரைப் படிக்கிற கல்லூரிக்காரர்களுக்கு அவளைத் தெரியும். உத்தமபாளையத்தில், வரலாற்றுத் துறையில், அவளும் நானும் பதினேழு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. சன்னாசியப்பர் என் அப்பாவின் கொள்ளுத்தாத்தா. குச்சனூர்ப் பக்கம் ஏர் பிடித்தவர். ஜில்லா போர்டுக்குப் போனார், அங்கிருந்து சென்னை மாகாண சபை வரை போனார், ஒரே தவணையில் திரும்பி வந்து மறுபடியும் ஏர் பிடித்தார். அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எழுதியவள் ஜைனம்பு.

என் சித்தப்பா அதிகம் பேசாதவர். சன்னாசியப்பர் பற்றி என்னிடம் மூன்று வாக்கியம்கூடச் சொன்னதில்லை. ஒருநாள் வயலுக்குப் போனபோது, வாய்க்காலில் காலைத் தொங்கப்போட்டபடி ஜைனம்பு உட்கார்ந்திருக்க, அவர் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு, "எங்கிட்ட ஏன் சித்தப்பா இதெல்லாம் சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கலையே ஆத்தா. அந்தப் புள்ள கேட்டுச்சு. கேட்டுப்புட்டு சும்மாவும் இருந்துச்சு."

என் வீட்டுக் கதை என் வீட்டு மனிதர் வாயிலிருந்து இன்னொருத்திக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் சில நாள் இரண்டு பேரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூமில், டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு அவள் கேட்டாள். "ஏ புள்ள, அவுக ஏன் ஒரே தவணைல திரும்பி வந்தாகன்னு ஒருத்தருக்கும் தெரியல. உங்க வீட்ல பழைய கடுதாசி ஏதும் கெடக்கா?"

"எல்லாத்தையும் கரையான் அரிச்சிருச்சுப்பா" என்றேன்.

"எனக்கு முந்தி அது படிச்சிருச்சா? கொடுத்துவச்ச கரையான்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து, என் வீட்டைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம் கடைசியில் அதையும் சேர்த்துக்கொள்வாள். "அப்பா நல்லாருக்காகளா? கரையான் சௌக்கியமா?"

கடிதம் இருந்தது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அதை நான் எப்போதோ பார்த்துவிட்டிருந்தேன். சென்னையிலிருந்து சன்னாசியப்பர் தம்பிக்கு எழுதியது. "பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. பக்கத்திலிருந்தவர் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். வெளியே வந்து விசாரித்ததில், நம்மூர் மாடுகள் இனி மலைக்கு மேய்ச்சலுக்கு ஏறக்கூடாது என்பதற்குத் தூக்கிய கை அது என்று தெரிந்தது. இனி இங்கே இருக்கமாட்டேன். ஊரில் யாரிடமும் சொல்லாதே."

குடும்ப மானம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். இதை வைத்து நான் ஒரு புத்தகம் எழுதுவேன், அதன் முன்னால் அவளுடையது நிற்காது என்பதுதான் என் கணக்கு.

புத்தக வெளியீட்டில் அப்பா முன்வரிசையில் இருந்தார். மேடையேறி, அவள் தலையில் கை வைத்து, "இது எங்க வீட்டுப் பிள்ளை" என்றார். நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படித்தேன். "அவர் ஏன் திரும்பினார் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுத மனமில்லை." அந்த இரண்டு வரியையும் எத்தனை முறை ருசித்துப் படித்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜைனம்புவுக்கு நோய் முற்றிய பிறகு ஒருமுறைதான் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்திருந்தாள். அப்பாவை விசாரித்தாள். பிறகு, "கரையான் சௌக்கியமா?" என்றாள்.

"ம், இருக்கு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சித்தப்பா சொன்னது அப்போதுதான் புரிந்தது. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவள் முன்னால் எல்லோரும் பேசிவிடுவார்கள். நான் மட்டும் பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மௌனம்தான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. இந்த மேசையில் உட்கார்ந்தால் அது இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேசப் போவதில்லை. கடிதத்தை வாசிப்பேன். அது கரையான் அரிக்காத கடிதம் என்பதையும் சொல்வேன். பிறகு அவள் மகளிடம் கொடுத்துவிடுவேன். அடுத்த பதிப்பின் கடைசி அத்தியாயத்தில் அது சேரட்டும், புத்தகம் ஜைனம்புவின் பெயரிலேயே இருக்கட்டும். முன்வரிசையில் அப்பா இருப்பார். இந்த மலரைக் கூட்டம் முடிந்துதான் கொடுப்பார்களாம். கடிதத்தை நான் எடுத்து வாசிக்கும்வரை, எங்கள் வீட்டில் இது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கும்.