எதிராளி போட்ட முடிச்சு

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலையில் டேக்வாண்டோ வகுப்பு நடக்கிறது. மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில் கால் வலித்தால் அங்குள்ள பெஞ்சில் கொஞ்சம் உட்காருவேன். இப்போதெல்லாம் வலிக்காத நாளே இல்லை என்பதால் நானும் கிட்டத்தட்ட அந்த வகுப்பின் மாணவிதான். போன வாரம் ஒரு சின்னப் பெண் மார்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஆன்ட்டி, பின்னாடி கட்டி விடுறீங்களா? டைட்டா லா."

பாட்டி என்று கூப்பிடாததற்காகவே கட்டிவிட்டேன். நுரைப்பஞ்சும் பழைய வியர்வையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. வீட்டுக்கு வந்து கீரை ஆய உட்கார்ந்த பிறகும் அது போகவில்லை. காக்கித் துணிக்குள் இலவம்பஞ்சு வியர்வையில் ஊறினால் ஏறக்குறைய இதே வாடைதான் வரும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அது என் தலையணைப் பஞ்சு.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு டிஸ்பென்சரியில் வேலை பார்த்தேன். அக்கம்பக்கத்தில் நர்ஸ் என்று சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. உண்மையில் பஞ்சு கிழிப்பதும், கட்டுத்துணி சுருட்டுவதும், அயோடின் போடும்போது துள்ளுகிறவர்களின் தோளை அழுத்திப் பிடிப்பதும்தான் என் வேலை. டாக்டர் சீனர். எங்கள் ஆட்களிடம் மலாயில் பேசுவார். திங்கட்கிழமை காலையில் தமிழ் ஆண்கள் வரிசையாக வந்து உட்காருவார்கள். எல்லாருக்கும் விரல் முட்டிதான் வீங்கியிருக்கும், எல்லாரும் சொல்லும் காரணமும் ஒன்றுதான்: கதவில் மாட்டிக்கொண்டது. டாக்டர் தலையைத் தூக்காமலே "பிந்து லாகி?" என்பார். மறுபடியும் கதவா என்று அர்த்தம்.

கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் சிலம்பம். ஆனால் கம்பு என்று வாயைத் திறந்தால் கோஷ்டிச் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள், வேலைக்கே ஆபத்து. பாவம், செய்யாத குற்றத்தையெல்லாம் கதவுதான் சுமந்தது.

என் அண்ணன் தங்கராசுவும் அந்தக் கதவுக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். தையற்கடையில் கட்டர். பெரிய கத்தரிக்கோலால் துணி வெட்டும் வேலை, கடையில் முதலாளிக்கு அடுத்த மரியாதை கட்டருக்குத்தான். அவரோடு எப்போதும் ஜோடி போட்டு ஆடுபவர் காதர் அண்ணன். மசாலா அரைக்கும் மில்லில் வேலை. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை மல்லி வாசனை முன்னாலேயே வந்து சொல்லிவிடும்.

கம்பு நுனியில் ஈரச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு ஆடுவார்கள். உடம்பில் வெள்ளைப் புள்ளி பட்டவர் தோற்றவர். அடிப்பதல்ல, தொடுவதுதான் ஆட்டம் என்று அண்ணன் எனக்கு விளக்குவார். சுற்றி வருகிற பிரம்புக்கும் விரல் எலும்புக்கும் அந்த விளக்கமெல்லாம் தெரியாது. ஆட்டத்துக்கு முன் சட்டை, செருப்பு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வெறுங்கையை எதிராளிக்குக் காட்டுவது அவர்கள் வழக்கம். கையை மூடினால் எதிராளியை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம்.

"காதர் என்னை வேணும்னு அடிக்க மாட்டான்ல. அப்புறம் எதுக்குக் கையுறை?" என்பார் அண்ணன், வீங்கிய விரலால் தோசையைப் பிய்த்துக்கொண்டே.

"வேணும்னு அடிச்சாலும் வேணாம்னு அடிச்சாலும் டிஸ்பென்சரியில கட்டுப் போடுறது நான்தான்" என்பேன்.

என் நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் கடையில் மிஞ்சிய காக்கித் துண்டுகளைக் கொண்டுவந்து, என் தலையணையைக் கிழித்து, தனக்கும் காதர் அண்ணனுக்கும் கையுறைகள் தைத்தார். மணிக்கட்டில் கட்ட நாடா வேறு. அழகாகத்தான் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க நானும் போனேன்.

"நீ மொதல்ல போடு, தங்கராசு. தச்சவன் நீதானே."

"நீ போட்டா நான் போடுறேன்."

"நான் எப்படிப் போடுறது? உன்னை நம்பலன்னு ஆயிடும்ல."

இப்படியே மாறி மாறி மரியாதை பண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உறைகள் மரக்கிளையில் தொங்கின, இரண்டு பேரும் வெறுங்கையோடு இறங்கினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் காதர் அண்ணனின் கம்பு வழுக்கி வந்து அண்ணனின் வலது கட்டைவிரலில் விழுந்தது. அண்ணன் கத்தவில்லை. காதர் அண்ணன்தான் கம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் விரலைப் பார்த்தார், கதவைப் பற்றிக் கேட்கவில்லை. மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல் இருந்தது, வளையத்தான் இல்லை. கத்தரிக்கோல் வளையத்துக்குள் அது நுழையவே மறுத்தது. கடையில் அண்ணனைப் பின்கட்டில் மிஷினில் உட்கார வைத்தார்கள். வேலையை விட்டு எடுக்காததே பெரிது என்றார்கள். அவர் வெட்டிய மேசையில் வேறொருவர் நின்று வெட்டுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

காதர் அண்ணன் வீட்டுக்கு வருவது நின்றது. ரோட்டில் எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக இருந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"விரல் போச்சு, சரி. அவனும் போயிட்டா நான் என்ன பண்றது?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறைகளை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனார், நானும் கூடப் போனேன். காதர் அண்ணன் கம்பில்லாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அண்ணன் நேரே போய் அவர் கையைப் பிடித்தார்.

"கையக் காட்டுடா."

"எனக்கு எதுக்குடா உறை?"

"உனக்காகவா போடுறேன்? அடிக்கப் போறவன் நான். எனக்குப் பயமா இருக்கு, அதனால போடுறேன்."

உறையை மாட்டி நாடாவைக் கட்டினார். வளையாத கட்டைவிரலோடு முடிச்சுப் போடுவது லேசா? நழுவி நழுவிப் போனது. உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார். அவர் கட்டி முடிப்பதற்குள் காதர் அண்ணன் அழுதுவிட்டார். பிறகு உறையோடேயே தட்டுத் தடுமாறி மற்ற ஜோடியை எடுத்து அண்ணனுக்கு மாட்டினார்.

அதற்குப் பிறகு அதுவே அங்கே வழக்கமாயிற்று. தானாக உறை போடுவது இன்னமும் கௌரவக் குறைச்சல்தான், ஆனால் எதிராளி கட்டிவிட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியாதே. எங்கள் வீட்டில் தலையணைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. டிஸ்பென்சரியில் திங்கட்கிழமை பெஞ்சும்தான். டாக்டர் என்னைப் பார்த்து "மானா பிந்து?" என்றார். கதவு எங்கே என்று.

எங்கே என்றுதான் இப்போது நானும் கேட்டுக்கொள்கிறேன். திடல் கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. டிஸ்பென்சரி இருந்த இடத்தில் போன் கடை. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது, வழக்கப்படி கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டப் பார்த்தார்கள், வலது விரல் வழிக்கு வரவில்லை. தெம்பனிஸிலிருந்து வந்திருந்த காதர் அண்ணன், "விடுங்க, நான் கட்டுறேன்" என்றார். அவர்தான் கட்டினார். இப்போது அவரும் இல்லை.

போன வாரம் அந்தப் பெண்ணுக்கு முடிச்சைப் போட்டுக்கொண்டே கேட்டேன்: "உன்கூட ஆடப்போற பொண்ணையே கட்டிவிடச் சொல்லலாமேம்மா?"

அவள் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவ எப்படி ஆன்ட்டி கட்டுவா? அவதானே என்னை அடிக்கப் போறா."

அதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.