வட்டகொடை ஸ்டேஷனில் முடித்த தொடர்கதை

பதினோரு வருடம் வாரப் பத்திரிகையில் காதல் தொடர்கதை எழுதினேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. தொட்டில்களை ஆட்டிக்கொண்டே எழுதியவைதான் எல்லாம். ஒரு பிரதியை லயத்து வீடுகள் முழுக்க மாற்றி மாற்றிப் படிப்பார்கள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் என்னை வழிமறித்து, "அந்தப் பயல நம்ப வேணாம்னு அவகிட்ட சொல்லுங்கக்கா" என்று சண்டைக்கு வருவார்கள்.

கதையில் ஊரார் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துவைத்த மகராசி நான்! சொந்த மகள் ஒருவனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் விறகுக் கட்டையால் அடித்தேன். "ஒனக்கு கதையில மட்டுந்தான் மனசு இருக்கும்மா" என்றாள். விடிந்து பார்த்தால் ஆளில்லை. அவனோடு கொழும்புக்குப் போய்விட்டாள் என்றார்கள். எட்டு மாதமாகியும் அவள் போன் வேலை செய்யவில்லை.

எங்கே இருந்தாலும் என் தொடரை மட்டும் படிக்காமல் விடமாட்டாள். அந்த நம்பிக்கையில் கதாநாயகியையும் வீட்டைவிட்டு ஓடவைத்து, அவள் தாயை வாரா வாரம் அழவைத்தேன். பத்திரிகை ஆசிரியருக்கே அலுத்துப்போனது. "போதும்க்கா, அடுத்த வாரத்தோட முடிச்சிருங்க" என்றார் போனில். இனி எந்த வழியாக அவளோடு பேசுவேன்?

கடைசி வாரத்தில் அந்தத் தாயைச் சொல்லவைத்தேன்: "வர்ற ஞாயித்துக்கிழம பகல் ரயிலுக்கு வட்டகொட ஸ்டேஷன்ல நிப்பேன். வந்துரு தாயி. ஒண்ணும் கேக்கமாட்டேன்."

ஞாயிறன்று போனால், எங்கள் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எனக்கு முன்பே அங்கே நிற்கிறார்கள்! கையில் ரொட்டியும் சம்பலும். "புள்ள பசியோட வருமில்ல" என்றாள் ஒருத்தி. கதையில் வருகிற பெண்ணுக்கு! எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயில் வந்தது. வெள்ளைக்காரர்கள் வாசலில் தொங்கியபடி படமெடுத்தார்கள். பெட்டி பெட்டியாக ஓடிப் பார்த்தேன். என் மகள் இறங்கவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து வேறொரு பெண் இறங்கினாள், கையில் என் கதை வந்த தாள். அவளை மறுபடி ரயிலுக்குள் தள்ளிவிட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அப்படித்தான் வந்தது, ஒளிப்பானேன்?

"எங்கம்மா வரலீங்களா?" என்றாள். "அம்மாதான் யாரயோ வச்சி எழுதுனாங்கன்னு நெனச்சேன்." அவளும் வீட்டைவிட்டு ஓடிப்போனவள்தான்; வீடு லிந்துலைக்குப் பக்கத்துத் தோட்டமாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த ரொட்டியைத் தின்றுகொண்டு வந்தாள்.

கதவைத் திறந்த அவள் தாய் மகளைப் பார்த்தாள். மறுநொடியே அடுப்படியில் கிடந்த கட்டையைத் தூக்கிவிட்டாள். பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். "வேணாங்க! அடிச்சா போயிருங்க, திரும்பி வராதுங்க!" என்று கத்தினேன். அவள் கட்டையை எப்போதோ கீழே போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் இன்னும் அந்தக் கையை விடாமல் அழுதுகொண்டிருந்தேன்.