நேர்காணலில் வாய்தவறி வந்த பால்

மூன்று வருடங்களுக்கு முன்பு நான் ஈப்போவில் டிப்ளோமா கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வேதியியல் சார்ந்த படிப்பு. தொழிற்பயிற்சிக்கு இடம் தேடிக்கொள்வது மாணவர்களின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு நிறுவனத்தின் கடிதத்தோடு வராவிட்டால் படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போகும் என்று விரிவுரையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று திங்கட்கிழமை. என் கையில் ஒன்றுமே இல்லை.

நான் தேடாமலும் இல்லை. பதினாறு மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தேன். அதில் ஒரு பெயிண்ட் கம்பெனிக்குப் போன கடிதத்தில், “உங்கள் சோப்புத் தொழிற்சாலையில் பணியாற்றுவது என் கனவு” என்று இருந்ததை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். பழைய கடிதத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் மானம் இப்படித்தான் போகும். பதில் வந்தவை மூன்று. மூன்றிலும் இடமில்லை என்றுதான் இருந்தது.

மறுநாள் காலையில் ஓர் ஆலையிலிருந்து அழைத்தார்கள். ரப்பர் மரத்துப் பாலைப் பதப்படுத்தும் ஆலை அது. புதன்கிழமை நேர்காணல். குனோங் ராபாட்டில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அன்று அந்த வீடு முழுக்க என் நேர்காணல்தான். ஒருத்தி தன்னுடைய பாஜு கூரோங் என்ற மலாய் உடையை எனக்காக இஸ்திரி போட்டாள். இன்னொருத்தி மேலாளர் மாதிரி காலாட்டிக்கொண்டு கேள்வி கேட்டாள். நான் ஆங்கிலக் குறிப்புகளைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

“மனப்பாடம் பண்ணதெல்லாம் பயத்துல பறந்துரும்லா. ஒனக்குத் தெரிஞ்சத சொல்லுடி,” என்றாள் அவள். நான் கேட்டால்தானே!

ஆலையில் முதலில் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டினார்கள். அம்மாவின் தொழில் என்ற இடத்தில் வழக்கம்போல ‘சுரி ரூமா’, அதாவது இல்லத்தரசி என்று எழுதினேன். உண்மையில் அம்மா கோலா கங்சார் பக்கம் ஒரு சீனருடைய தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். இடைநிலைப்பள்ளியில் ஒருத்தி என் சட்டையை முகர்ந்துவிட்டு, ரப்பர்ப் பால் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அன்று தொடங்கியது இந்தப் பொய். எழுதி எழுதிப் பழகியதில் கை கூசுவதுகூட நின்றுபோயிருந்தது.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சீன மேலாளர். மற்றவர் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தமிழ் அக்கா. தோட்டத்திலிருந்து வரும் லேடெக்ஸ் கெட்டுப்போயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார். முந்தின நாள் முழுக்கத் தயார் செய்திருந்த கேள்விதான். ஆனால் ஒப்பித்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, “இஃப் தி மில்க் இஸ் ஸ்பாயில்...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“மில்க்? இங்கே மாடு வளர்க்கவில்லையே!” என்று மேலாளர் சிரித்தார்.

எங்கள் வீட்டில் லேடெக்ஸ் என்ற சொல்லே கிடையாது. அது பால்தான். பால் எடுக்கப் போனோம், மழையில் பால் போச்சு, இன்றைக்குப் பால் கம்மி. அந்தப் பாலை அவசரத்தில் அப்படியே ஆங்கிலமாக்கிவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, “தங்கச்சி, வீட்டுல யாரு பால்மரம் வெட்டுறா?” என்று கேட்டார்.

“அம்மாதான்க்கா.”

அக்கா என் பாரத்தைக் குனிந்து பார்த்தார். “இங்க சுரி ரூமான்னு போட்டிருக்கே?”

 வேலை கேட்டு வந்த இடத்தில் பொய்யும் புரட்டும் பிடிபட்டால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். முடிந்துபோனதற்குப் பிறகு பயப்பட என்ன இருக்கிறது?

“பொய்தான்க்கா. வெக்கப்பட்டு எழுதிட்டேன். எங்கம்மா பதினெட்டு வருசமா மரம் வெட்டுறாங்க. ஸ்கூல் லீவுல நானும் கூடப் போயி பால் எடுத்திருக்கேன்.”

அக்கா அதை ஒன்றுவிடாமல் மேலாளரிடம் மலாய் மொழியில் சொன்னார், பொய் சொன்னதையும் சேர்த்து. மேலாளர் எழுந்து போய் இரண்டு போத்தல் பாலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இதில் எதைத் திருப்பி அனுப்புவாய் என்று கேட்டார்.

இரண்டும் ஒரே வெள்ளை. மூடியைத் திறந்து முகர்ந்தேன். சாய்த்து, கண்ணாடி ஓரத்தில் வழிவதைப் பார்த்தேன். இடது பக்கத்துப் போத்தலில் ரவை அளவுக்குச் சின்னச் சின்னத் திப்பிகள் ஒட்டியிருந்தன. அழுகல் வாடையும் லேசாக ஆரம்பித்திருந்தது. “இதுதான்,” என்றேன். கழுவாத வாளியில் எடுத்திருப்பார்கள், அல்லது பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றத் தாமதமாகியிருக்கும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்துகட்டிச் சொன்னேன். பேசப் பேச, ஓடிப்போயிருந்த புத்தக வார்த்தைகளும் திரும்பி வந்துவிட்டன. எந்தெந்தச் சோதனைகளைச் செய்து உறுதிப்படுத்தலாம் என்று வரிசையாக எடுத்துவிட்டேன். என்னை நிறுத்த மேலாளர்தான் கையைக் காட்ட வேண்டியிருந்தது.

மேலாளர் பாரத்தை என் பக்கம் தள்ளினார். “முதலில் இதைத் திருத்து. கடிதத்தை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்.”

சுரி ரூமாவை அடித்துவிட்டு, மேலே ‘பால்மரம் வெட்டுபவர்’ என்பதை மலாயில் கொட்டை எழுத்தில் எழுதினேன். வெளியே வந்ததும், இரவல் வாங்கிய பாஜு கூரோங்கோடு மோட்டார் நிறுத்துமிடத்தில் இரண்டு குதி குதித்தேன். காவலாளி முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும்!

வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு நேராக ஊருக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இத்தனை வருடமாக எழுதிய பொய்யையும் மறைக்காமல். அடி விழுமோ அழுகை வருமோ என்று பயந்துகொண்டு நின்றேன். 

“சுரி ரூமாவா? எனக்கும் வீட்டுல சும்மா ஒக்காந்திருக்க ஆசதான்லா. எங்க பாஸ்கிட்ட கேட்டு லீவு வாங்கிக் குடு!” என்று சொல்லிவிட்டு, அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அது வெறும் சிரிப்பு மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

பயிற்சி முடிந்ததும் அந்த ஆலையிலேயே எனக்கு வேலையும் கிடைத்தது. இப்போதெல்லாம் வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் எங்கம்மா பால்மரம் வெட்டுகிறார் என்று கேட்டவர் வாய் மூடும் முன்பே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த நேர்காணலில் இன்னொரு தடவை ஜெயித்த மாதிரியே இருக்கிறது.