பத்தியம் முறிக்க விடாத லியூ அன்ரி

லியூ அன்ரி போய்விட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைக்கவில்லை. வைத்திருந்தால் அன்ரி ஏசியிருப்பார். அழுது அழுது, மென்று மென்று சாப்பிட்டு முடித்தேன்.

எங்கள் அஜின்கோர்ட் பகுதியில் அவருடைய சீன மருந்துக்கடைக்கு மூட்டுவலியோடு போன தமிழர்தான் அதிகம். உங்களில் பலர் அங்கே வரிசையில் இருந்திருப்பீர்கள். நான் போனது வயிற்றுக்காக. எடை குறைய வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்திருந்தேன். ஆஸ்பத்திரியில் சொன்ன சாப்பாட்டு முறையை வீட்டில் பத்தியம் என்றே எடுத்துக்கொண்டோம். பத்தியம் என்றால் ஒருநாள் முறிக்கத்தானே வேண்டும்! காயம் ஆறியதும் என் கணவர் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியுமாக விருந்தே வைத்துவிட்டார். சாப்பிட்டதெல்லாம் வெளியே வர, அன்று தொடங்கிய சத்தி நிற்கவில்லை. படியேறினால் கால் நடுங்கியது. செத்துப்போவேனோ என்று பயந்தேன்.

“வயிறு பழையபடி விரிய ஒரு மருந்து தாங்கோ அன்ரி” என்று கேட்டேன். அவருடைய அரைகுறை ஆங்கிலமும் என்னுடையதும் ஒன்றுக்கொன்று முண்டு கொடுக்கக் கதை நடந்தது. நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார்.

“உன் டொக்டருக்குத் தெரியாமல் என் மருந்து உள்ளே போகாது. எழும்பு.”

கடையைப் பூட்டிவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார், மனுசி! டொக்டர் சத்தியை நிறுத்தினார். பிறகு அங்கிருந்த உணவு ஆலோசகரும் அன்ரியும் முதலில் முறைத்து, பிறகு ஒத்துப்போனார்கள். முட்டையும் மீனும் முதலில், சோறு கடைசியில், விற்றமின் குளிசையை விடவே கூடாது என்றார் ஆலோசகர். எல்லாம் இளஞ்சூடாக, கஞ்சியில் இஞ்சியோடு என்றார் அன்ரி. மூலிகைகளில் டொக்டர் சரியென்றதை மட்டும் தந்தார்.

“எப்ப அன்ரி பத்தியம் முறிக்கலாம்?” என்று கேட்டார், அடுத்த முறை கடைக்கு என்னோடு வந்த என் கணவர். பத்தியம் என்னவென்று விளங்கியதும் அன்ரி சிரித்தார்.

“முறிக்க இது பத்தியமில்லை. இனி இவளுடைய சாப்பாடே இதுதான். நீ கூடப் போட்டால் சத்திதான் கூடும்.”

என் கணவரின் முகம் கறுத்துவிட்டது. “வடிவாச் சாப்பாடு குடுக்காமல் ஒராளை எப்பிடி அன்ரி கவனிக்கிறது?”

“பக்கத்தில் இருந்து நீயும் மெதுவாகச் சாப்பிடு.”

இன்று மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். அது அன்ரியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து தந்த உயிர்.

அடக்கம் முடிந்து, அவர்கள் வழக்கப்படி எல்லோரும் உணவகத்தில் சாப்பிட இருந்தபோது, அன்ரியின் உறவுக்காரர் ஒருவர் என் கோப்பையில் இன்னொரு மீன் துண்டு வைக்க வந்தார். நான் வாய் திறக்க முன்பே என் கணவர் கோப்பையைக் கையால் மூடினார்.

“காணும், அவவுக்கு இவ்வளவு போதும்” என்றார், தமிழிலேயே.

அன்ரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கோப்பையை மூடிய அந்தக் கைதான்.