செயற்கைக்கோளுக்கும் ஒரே விலை

தி. நகரில் சிதம்பரநாதனின் பாத்திரக்கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது பாத்திரம் அல்ல, பலகை. 'ஒரே விலை. பேரம் பேச வேண்டாம்.' அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட அன்று மாட்டியது. யாராவது இட்லிப் பானையைப் பிடித்துக்கொண்டு "பாத்துப் போட்டுக் குடுங்க" என்று இழுத்தால், பானையை வாங்கித் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடுவார். அப்போது அவர் முகத்தில் கோயிலுக்குப் போய்வந்த களை இருக்கும்.

இப்படிப்பட்டவருக்குத்தான் தலை நரைத்த பிறகு ஹாம் ரேடியோ ஆசை வந்தது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். கோட்டூர்புரத்தில் தான் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில், மீன்முள் போல ஒரு ஆன்டெனாவை நட்டார். தலைக்கு மேலே போகும் குட்டிச் செயற்கைக்கோள் ஒன்று, கீழேயிருந்து பேசுவதை வாங்கி இன்னொரு ஊருக்குத் திருப்பி அனுப்புமாம். அதன் வழியாக உலகத்தோடு பேசப்போவதாகக் கடையிலும் லிஃப்டிலும் கல்யாணப் பந்தியிலும் சொல்லிவைத்தார். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. உலகம் பேசவில்லை. ஆன்டெனாவில் காக்கைகள் மட்டும் வந்து பேசின.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாய்நாத்துக்கு அந்த இடம் துணி உலர்த்த வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லார் முன்னாலும் யாரிடமாவது பேசிக் காட்டினால் ஆன்டெனா இருக்கலாம், இல்லாவிட்டால் இறக்கிவிட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. காயலான் கடையில் நல்ல விலைக்குப் போகும் என்று சாய்நாத் ஆறுதலும் சொன்னார்.

விஷயம் இதுதான். பாண்டி பஜாரில் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோகும் பஸ்ஸின் சத்தம், நெருங்கும்போது ஒரு மாதிரியும் விலகும்போது ஒரு மாதிரியும் கேட்கும் இல்லையா? செயற்கைக்கோளும் அப்படித்தான். வரும்போது அதன் குரல், குறித்த அலைவரிசைக்குச் சற்று மேலே கிடைக்கும். போகும்போது கீழே இறங்கிவிடும். கேட்கிறவர் ரேடியோவின் குமிழை மேலே வைத்து ஆரம்பித்து, சிறுகச் சிறுக இறக்கிக்கொண்டே வர வேண்டும். சிதம்பரநாதன் பரீட்சையில் இதைப் பிழையில்லாமல் எழுதியவர். ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் மட்டும், புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணில் குமிழை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். நடுவில் கொஞ்ச நேரம் யார் யாரோ பேசுவது கேட்கும். இவர் தொண்டையைச் செருமுவதற்குள் இரைச்சல். சொன்ன இடத்தில் நிற்காத செயற்கைக்கோள் யோக்கியமான செயற்கைக்கோள் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சாய்நாத் கையில் ஸ்பானர். மேசைமேல் ரேடியோ, அதில் அதே எண். செயற்கைக்கோள் வரும் நேரம் வந்தது, ரேடியோ கரகரத்தது. வேறெதுவும் இல்லை.

காபித் தட்டோடு நின்ற மனைவி சரோஜாதேவி அதைக் கீழே வைத்தார். மயிலாப்பூர் மாடவீதியில் கொசுறுக் கறிவேப்பிலைக்கும் பேரம் பேசுகிற அம்மாள். கணவர் பரீட்சைக்கு உரக்கப் படித்ததெல்லாம் சமையலறையில் அவர் காதில்தான் விழுந்திருந்தது.

"ஏங்க, மேலேருந்துல்லா ஆரம்பிக்கணும்?"

"போட்டது போட்டதுதான், சரோஜா."

"இது கடை இல்ல. ஒங்களுக்கு ஆன்டெனா வேணுமா, பலகை வேணுமா?"

சிதம்பரநாதன் ஸ்பானரைப் பார்த்தார். குமிழிலிருந்து கையை எடுத்தார்.

அம்மாள் குமிழை ஏற்றினார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. அது மங்க ஆரம்பித்ததும் கொஞ்சம் இறக்கினார். மறுபடி மங்கியது, மறுபடி இறக்கினார். கத்தரிக்காய்க்காரியிடம் விலை படியாமல் போவது மாதிரி போய்த் திரும்புகிற அதே நிதானம். சிதம்பரநாதன் லைசென்ஸில் தனக்குக் கொடுத்த அழைப்புப் பெயரை ஏலம் விடுவதுபோலக் கத்தினார்.

"தெளிவா கேக்குது சார்," என்றது வானம். "என் பேரு முதஸ்ஸிர். சென்னை கே.கே. நகர்லேர்ந்து பேசுறேன்."

யாரோ சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

"இதுக்கு பஸ்ஸே போதுமே, அண்ணாச்சி," என்றார் சாய்நாத்.

குரல் விண்வெளி வரை போய்த்தான் கே.கே. நகருக்கு இறங்கியது என்று சிதம்பரநாதன் விளக்கியது யார் காதிலும் ஏறவில்லை. சரோஜாதேவி சாய்நாத் பக்கம் திரும்பினார். யாரிடமாவது பேசினால் போதும் என்பதுதான் பேச்சு, எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லையே என்றார். சாய்நாத் துணி உலர்த்தும் கஷ்டத்தை எடுத்துவிட்டார். அவர் ஒன்று சொல்ல, அம்மாள் ஒன்று குறைக்க, கடைசியில் படிந்தது: ஆன்டெனா இருக்கும், துணிக்கொடியின் ஒரு முனையை அதன் கம்பத்தில் கட்டிக்கொள்ளலாம். இது என்ன அநியாயம் என்று வாயைத் திறந்த சிதம்பரநாதன், மனைவியின் கை இன்னும் குமிழ்மேல் இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

இப்போதெல்லாம் சாய்நாத்தின் ஈர லுங்கியை ஒதுக்கிவிட்டுத்தான் சிதம்பரநாதன் ரேடியோ முன் உட்கார வேண்டியிருக்கிறது. குமிழ் மனைவியிடம். கடையில் மட்டும், பலகைக்கு அடியில் நின்றுகொண்டு, அந்தச் செயற்கைக்கோள் கடைசியில் தன் வழிக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.