லேத்தோடு வாசித்த யாழ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பேட்டையில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். சபாவில் அல்ல... ஒரு லேத் பட்டறையில்.

வாசித்தது என் கல்லூரித் தோழி செண்பகம். இசையமைப்பாளர். சினிமாவுக்கா என்று கேட்டுவிடாதீர்கள், அவளுக்குக் கோபம் வரும். பழந்தமிழ்ப் பண்களை யாழில் வாசித்து, அதோடு இன்றைய சத்தங்களைச் சேர்க்கிறவள். யாழைக்கூட ஆள் வைத்துச் செய்துகொண்டாள். பதினான்கு நரம்பு. இந்த முறை அதற்குத் தம்புரா, பட்டறைக்காரர் ஷாகுல் பாயின் லேத்.

ஒரு வருட உழைப்பு. "இரும்புச் சத்தமெல்லாம் இசையா?" என்று சிரித்தவர்களை மெனக்கெட்டு அழைத்து முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தாள். சொதப்பினால் ஊர் முழுக்க இதே பேச்சாக இருக்கும்.

ஷாகுல் பாய் சுவிட்சைப் போட்டார். யாழும் லேத்தும் அப்படியே ஒட்டிக்கொண்டன. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்து அவர் இரும்பைக் கடையத் தொடங்கினார். லேத்தின் சுருதி இறங்கிவிட்டது. யாழ் மட்டும் மேலேயே நின்றது. காது கூசியது. முன்வரிசையில் ஒருவர் வேண்டுமென்றே செருமினார்.

ஷாகுல் பாய் மெஷினை நிறுத்தினார். "இரும்பு கடிக்கும்போது மெஷின் திணறும்லா... சத்தம் இறங்கத்தான் செய்யும். நீங்க சும்மா ஓட விட்டுல்ல சுருதி சேத்தீங்க."

உண்மைதான். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு. வேலை கெடக்கூடாதே என்று அன்றைக்கு மட்டும்தான் ஒத்திகைக்குப் போயிருக்கிறாள். அந்த நல்ல மனசுதான் காலை வாரிவிட்டது.

நான் மெல்ல அவளிடம் போனேன். "பேசாம சும்மாவே ஓடட்டும். யாருக்குத் தெரியப் போவுது?" — என் பிழைப்பில் பாதி இப்படித்தான் ஓடியிருக்கிறது.

"எனக்குத் தெரியும்லா. நீ போயி உன் இடத்துல உக்காரு."

கூட்டத்தைப் பார்த்தாள். "தப்பு என்னோடதுதான். சரி பண்ண இருபது நிமிஷம் ஆவும். இருக்கவங்க இருங்க."

லேத் மறுபடி இரும்பைக் கடித்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நரம்பாக இறக்கினாள். நான்கு பேர் எழுந்து போனார்கள். அவள் தலை நிமிரவே இல்லை.

பிறகு வாசித்தாள் பாருங்கள்... மெஷின் திணறத் திணற, யாழ் அதைக் கைவிடாமல் கூடவே போயிற்று. செருமியவர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன?

சும்மா ஓடும்போது நம் எல்லாருக்கும் சுருதி சுத்தமாகத்தான் இருக்கிறது. இரும்பு கடிக்கும்போது யார் மறுபடி உட்கார்ந்து முதல் நரம்பிலிருந்து தொடங்குகிறோம்?

முடிந்ததும் முதலில் எழுந்து வந்தவர் ஓர் அம்பாசமுத்திரத்து விவசாயி. அன்றைக்கு லேத்தில் கடைந்தது அவருடைய பம்ப்செட் ஷாஃப்டைத்தான். அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் செண்பகத்திடம் கேட்டார்:

"நல்லா வந்திருக்கும்மா. வீட்டுல இன்னொண்ணு கெடக்கு... திரும்ப எப்ப வாசிப்பீங்க?"