பரீட்சை முடியற வரைக்கும்

அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், எனக்கு போன் பண்ண வேண்டாம் என்று நான் சொன்னது ஒரு விமானத்தின் வேகத்தால்தான். தரையிலேயே விமானம் ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் பரீட்சையில் ஒரு தடவை தோற்றுவிட்டு வந்திருந்தேன். இன்னொரு தடவை தோற்றால் விமானி வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

நான் செய்த தப்பு சின்னப் பிள்ளைத்தனமானது. விமானம் கிளம்பி மேலே ஏறும் பாதையில், வரைபடத்தில் குறித்த சில புள்ளிகளுக்கு வேகக் கட்டுப்பாடு இருக்கும். ஒரு புள்ளிக்கு 220 நாட் வேகம் என்று போட்டிருந்தால், ஏறும்போது அந்தப் புள்ளி வரைக்கும் 220-ஐத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். புள்ளியைக் கடந்ததும் கம்ப்யூட்டரே கட்டுப்பாட்டை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டும். பத்தாயிரம் அடி வரைக்கும் 250, அப்புறம் அதற்கும் மேல். இறங்கும்போது கதை வேறு, அந்தப் புள்ளியிலிருந்துதான் 220 தொடங்கும். முந்தின நாள் முழுக்க இறங்குவதைப் பற்றியே படித்துத் தொலைத்திருந்தேன். ஏறும்போது விமானம் 220-லேயே நின்றதும், புள்ளிதான் இன்னும் வரவில்லையே, இதற்கு என்ன கேடு என்று எரிச்சல் வந்தது. குமிழைத் திருகி நானே வேகத்தைக் கூட்டினேன்.

"விமானம் தெரிஞ்சுதான் மெதுவா போயிட்டிருந்துச்சு. நீங்கதான் கைய வெச்சீங்க," என்றார் பரிசோதகர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் வீட்டில் அத்தாவின் அண்ணன், பெரியத்தா குடும்பம் இருந்தது. அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது. அம்மா எப்போதோ இறந்துவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் மாடியில் ஒரு அறை எடுத்து, காக்பிட்டின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காகித பட்டன்களை அழுத்தி அழுத்திப் பழகினேன்.

அத்தா வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நம் நேரத்துக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்கு வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிடுவார். தினமும் அப்போது போன் வரும். "இன்னைக்கு என்னப்பா படிச்சே?" என்று கேட்டுவிட்டு நான் சொல்வதையெல்லாம் லாரிக்குப் பொருத்திப் பார்ப்பார். ஒரு நாள் இந்த வேகக் கட்டுப்பாட்டைச் சொன்னேன். "எங்க வண்டியிலயும் பூட்டு போட்டிருக்காங்க தம்பி. எவ்வளவு மிதிச்சாலும் வேகம் ஏறாது," என்று சிரித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "லாரியும் இதுவும் ஒண்ணா? பரீட்சை முடியற வரைக்கும் எனக்கு போன் பண்ணாதீங்க அத்தா," என்றேன்.

"சரிப்பா. நல்லா படி," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்று வாரத்தில் நான் மனிதர்களோடு பேசியது, டிபன் வாங்கும்போதும், தெருவில் கோயிலுக்கு வழி கேட்டவர்களிடமும்தான். மற்ற நேரமெல்லாம் சுவரில் இருந்த காகிதத்தோடு பேச்சு. மூன்றரை மணிக்கு மட்டும் கையில் வேலை ஓடாது. சொன்னால் சொன்னபடி நடக்கிறாரே மனுஷன், ஒரு நாளாவது மீறக் கூடாதா என்று அவர் மேலேயே கோபம் வந்தது. தனியாக இருக்கிறோம் என்பது அந்த நேரத்தில்தான் உறைக்கும்.

இரண்டாவது தடவை பாஸ் பண்ணினேன். அன்றைக்கு அந்தப் புள்ளி வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அத்தாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்று இறைவனைப் புகழும் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது.

இனிமேல் தினமும் பேசுவார் என்று இருந்தேன். பரீட்சை முடிந்தால் நான் போட்ட தடையும் தானாகப் போய்விடும் என்பது என் கணக்கு. பத்து நாள் ஆகியும் போன் இல்லை. நானாகப் பண்ணவும் மனசு வரவில்லை. பாஸ் பண்ணியவன் நான், அவர் கூப்பிடட்டுமே என்ற வீம்பு.

பதினோராம் நாள் வீம்பெல்லாம் தீர்ந்து நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஏன் அத்தா பேசவே இல்ல?"

"நீதானேப்பா வேணாம்னே."

"பரீட்சை முடியற வரைக்கும்னுதானே சொன்னேன்?"

"இது முடிஞ்சதும் நெசமான விமானத்த ஓட்டணும், அதுக்கும் ஒரு பரீட்சை இருக்குன்னு முன்னாடி சொல்லியிருந்தியே. அதுவும் முடியட்டும்னு இருந்தேன்."

"சாப்பிட்டீங்களா? வண்டி எங்க நிக்குது?" என்று பேச்சை மாற்றினேன்.

"வண்டி இல்லப்பா. சுகர்ல கண்ணு மங்குதுன்னு எறக்கி விட்டுட்டாங்க. ரூம்லதான் இருக்கேன்."

"எப்ப அத்தா?"

"நீ போன் பண்ணாதீங்கன்னு சொன்னேல்ல, அதுக்கு ரெண்டாம் நாளு."

ஒரு மாதமாக அந்த மனிதர் ஒற்றை அறையில், யாரிடமும் சொல்லாமல், என் பரீட்சை முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். சத்தியமாக எனக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப பேசலாமாப்பா? படிக்கற நேரமா இருந்தா வெச்சுர்றேன்," என்றார்.

"பேசுங்க அத்தா," என்றேன். அவர் அழுதார்.